வெள்ளைப் பெட்டிக்கு ஒரு கறுப்புக் கட்சிக்காரர் செய்த கைப்பிடி

எட்டு மாதமாகத் தம்பியின் அறையில் வெள்ளைப் பெட்டி துண்டு போர்த்தியே கிடந்தது. அத்தான் வீட்டுக் கறுப்புப் பெட்டிக்குத் துண்டு இல்லை. ஆனால் அதையும் யாரும் தொடவில்லை. இரண்டு வீட்டுக்கும் இடையே மூன்று பஸ் நிறுத்தங்கள். அந்த மூன்றையும் கடந்து போய்வந்துகொண்டிருந்தது அக்கா ஒருத்திதான்.

நடந்ததை மறந்துவிட்டவர்களுக்காகவும், இன்றைக்குத்தான் இந்தக் குடும்பத்துக்குள் நுழைகிறவர்களுக்காகவும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டி.வி.யில் மாட்டி வீடியோ கேம் ஆடும் பெட்டியில் அந்த ஊரில் இரண்டு கட்சி. ஒரு கம்பெனியின் பெட்டி கறுப்பு, இன்னொன்றினுடையது வெள்ளை. கறுப்புக் கட்சிக்காரன் வெள்ளைக் கட்சிக்காரன் வீட்டுக்குப் போவான், சாப்பிடுவான், குழந்தையைக் கொஞ்சுவான். பெட்டியை மட்டும் தொடமாட்டான். தொட்டுவிட்டால் அன்றோடு அவன் மானம் போயிற்று.

அக்காவுக்குக் கல்யாணம் பேசியபோது தம்பி கேட்ட முதல் கேள்வியே, "மாப்பிள்ளை எந்தப் பெட்டி?" என்பதுதான். கறுப்பு என்று தெரிந்ததும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். பிறகு மச்சான்கள் இருவரும் சண்டை போட்டுக்கொண்டே ஒட்டிக்கொண்டார்கள். வாரா வாரம் வாய்த்தகராறு, வாரா வாரம் ஒரே தட்டில் பிஸ்கெட்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு சாயங்காலம் தகராறு கொஞ்சம் உச்சத்துக்குப் போனது. "உங்க பெட்டியில ஆடறதுக்குக் கையே வேணாம் அத்தான், அதுவே ஓட்டிக்கும்" என்றான் தம்பி. அத்தான் விடவில்லை. "கை இருந்துட்டா மட்டும் ஆட்டக்காரன் ஆயிட முடியாது மாப்ள" என்றார். இருவரும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரம் தம்பியின் வலக்கையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. அதன்பின் அவன் அத்தானிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அக்கா ஒரு துணிப்பையோடு தம்பியின் மூன்றாவது மாடி வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"என்னக்கா இவ்வளவு சீக்கிரம்? பையில என்ன?"

"உனக்குத்தான். உக்காரு. கையைக் காட்டு."

மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் அவன் கையை அச்சு எடுத்திருந்தாள். அக்காவுக்குப் பல் செட் செய்யும் லேபில் வேலை. இளஞ்சிவப்பு மாவைக் கிண்ணத்தில் குழைத்து, அது இறுகும்வரை ஐந்து நிமிஷம் அவன் கையை அதில் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிசியோதெரபிக்கு ஒரு தாங்கல் செய்யப்போகிறேன் என்று சொல்லியிருந்தாள். "என் கைக்குப் பல்லு கட்டப் போறியா?" என்று அவன் கேட்டதுதான் எட்டு மாதத்தில் அவன் அடித்த ஒரே ஜோக்.

இப்போது அவள் வெளியே எடுத்தது ஈறு நிறத்தில் பளபளவென்று இருந்தது. உள்ளங்கையை வைத்தால் கச்சிதமாக ஏந்திக்கொள்ளும் ஒரு குழிவு. விரல்கள் இல்லாத இடத்தில் மெத்தென்ற ரப்பர். கட்டைவிரலுக்கு எட்டும்படி நாலு சின்னப் பொத்தான்கள். உள்ளங்கையின் அடிப்பகுதி வந்து உட்காரும் இடத்தில் வட்டமாக ஒரு பெரிய உலோகப் பொத்தான். அதிலிருந்து ஒரு ஒயர் போய், காலால் மிதிக்கும் இன்னொரு பொத்தானில் முடிந்தது. இடக்கைக்குத் தனியாக ஒரு ஸ்டிக்.

"இந்தக் கலர்ல ஏன்க்கா?"

"லேபில ஈறு கலர்தான் மிச்சம் இருந்துச்சு. வச்சுப் பாரு."

அவன் கையை வைத்தான். சட்டென்று பொருந்தியது. முகத்தில் ஏதோ மலர்ந்தது. அடுத்த நொடியே சுருங்கியது. உலோகப் பொத்தானில் மேல் நோக்கி ஒரு அம்புக்குறி. கால் பொத்தானில் கீழ் நோக்கி ஒன்று.

"இது லிஃப்ட் பட்டன்" என்றான்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக்.

"எடுத்துட்டுப் போக்கா."

"டேய்..."

"எடுத்துட்டுப் போன்னு சொன்னேன். வாயால சொன்னதைக் கையால சரி பண்ணலாம்னு பாக்கறாரா?"

அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "எட்டு மாசமா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் தபால்காரி வேலை பாக்கறேன். அங்க போனா அவர் உன்னைப் பத்திக் கேக்கறார், இங்க வந்தா நீ அவரைப் பத்திக் கேக்காம இருக்கே. ரெண்டும் ஒண்ணுதான், எனக்குத் தெரியாதா? போன மாசம் அவர் கையில மூணு விரல்லயும் பிளாஸ்டர் ஒட்டின தடம். என்னங்கன்னு கேட்டா, கதவுல நசுங்கிடுச்சுன்னார். தினமுமா கதவுல நசுங்கும்? விடாம கேட்டப்புறம்தான் உண்மையைச் சொன்னார்."

தம்பி நிமிர்ந்தான்.

"உன்னை மாதிரியே மூணு விரலையும் மடக்கி பிளாஸ்டர் போட்டு ஒட்டிக்கிட்டு ஆடிப் பாத்திருக்கார்டா. நாப்பது நாள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல, லிஃப்ட் மோட்டார் ரூம்ல உக்காந்து. ஒவ்வொரு நாளும் பட்டனை இங்க மாத்தி, அங்க மாத்தி."

"எதுல ஆடினார்?"

"வெள்ளைப் பெட்டியில. கூட வேலை பாக்கறவர்கிட்ட இரவல் வாங்கி."

"வெள்ளையிலயா? அவரா?"

"அவரேதான். யாராவது பாத்துடப் போறாங்கன்னு மோட்டார் ரூம் கதவை உள்பக்கமா தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு."

தம்பி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு, எங்கோ யாரையோ கேட்பதுபோலக் கேட்டான்.

"என்ன கேம்?"

"ஏதோ கார் ரேஸ். மலைப்பாதையில போகுமே, அது."

"எது வரைக்கும் போனார்?"

"தொங்கு பாலம்னு ஒண்ணு வருதாமே. அதைத் தாண்டவே முடியலயாம். பட்டன் சரியில்லையா, ஆள் சரியில்லையான்னே தெரியலன்னு புலம்பிக்கிட்டிருந்தார்."

தம்பியின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "ஆள்தான் சரியில்ல! பாலத்துல ஏறினதும் ஆக்ஸிலரேட்டரை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே போனா குப்புறத்தான் விழணும். நடுவுல ஒரு தடவை விடணும். பாலம் கீழ போய் மேல வரும்போது மறுபடி அமுக்கணும். கறுப்புல ஆடிப் பழகினவங்களுக்கு விடறதுன்னா என்னன்னே தெரியாதுக்கா. எப்பவும் அமுக்குதான்."

"எனக்கென்னடா தெரியும்? எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? காட்டு."

அவன் அவளை முறைத்தான். எழுந்தான். துண்டை உருவினான்.

பெட்டி எட்டு மாதத் தூக்கத்திலிருந்து எழுந்ததும், புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி இருபது நிமிஷம் அடம்பிடித்தது. அதற்குள் அக்கா இரண்டு தம்ளர் டீ போட்டாள். திரையில் மலைப்பாதை விரிந்தது. முதல் வளைவிலேயே கார் பள்ளத்தில் விழுந்தது. இரண்டாவது தடவை பாறையில் மோதியது. அப்புறம் மூன்று முறை பாலத்தில் குப்புறக் கவிழ்ந்தது. தம்பியின் நெற்றியில் வியர்வை. ஆறாவது தடவை கார் பாலத்தில் ஏறியது. அவன் உள்ளங்கையை லேசாக எடுத்தான். பாலம் தாழ்ந்தது, எழும்பியது. அழுத்தினான். கார் காற்றில் பறந்து அந்தப் பக்கம் போய் இறங்கியது.

தம்பி கத்தவில்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், யாரோ புதிதாகக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனதுபோல.

"அவர் எங்க?"

"கீழதான். நான் வந்ததுலேருந்து கேட் பக்கத்துல நிக்கறார். மேல வரமாட்டேங்கறார்."

"ஏன், லிஃப்ட் மெக்கானிக்குக்குப் படி ஏறத் தெரியாதா?" என்றான் தம்பி. சன்னல் வழியே எட்டிப் பார்த்தான். கீழே அத்தான் சுவரோர நிழலில், செருப்பு முனையால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றிருந்தார். கூப்பிட வாயெடுத்தான், கூப்பிடவில்லை.

"டீச்சருக்கு ஃபோன் போடுக்கா. என் பேர் இன்னும் பட்டியல்ல இருக்கான்னு கேளு."

இருந்தது. வெள்ளைக் கட்சியின் தலைவி ஒரு கணக்கு டீச்சர், ஐம்பது வயது; போட்டியை நடத்துவதும் அவள்தான். வருடாந்தரப் போட்டிக்கான பட்டியலில் அவன் பெயரை அடிக்கச் சொன்ன எல்லோரிடமும், "அவன் வந்து சொல்லட்டும்" என்று ஒரே பதிலைச் சொல்லியிருந்தாள்.

மூவரும் பஸ்ஸில் போட்டிக்குப் போனார்கள். தம்பி முன்னால், அத்தான் கடைசி வரிசையில், நடுவில் மடியில் பையோடு அக்கா.

விளையாட்டு அரங்கத்தின் உள்கூடத்தில் வரிசையாக டி.வி.க்கள். இடப்பக்கம் கறுப்பு, வலப்பக்கம் வெள்ளை, நடுவே ஒரு நாடா. அன்று தகுதிச் சுற்று. இரண்டு பக்கத்திலும் முதல் எட்டுப் பேரை எடுப்பார்கள். அடுத்த ஞாயிறு இரண்டு கட்சியும் நேருக்கு நேர் மோதும்.

பையிலிருந்து கைப்பிடி வெளியே வந்ததுமே சலசலப்பு.

"என்னது இது, பல் செட்டா?" என்றான் ஒருவன்.

"கம்பெனி கன்ட்ரோலர் இல்லாம ஆட விடக்கூடாது டீச்சர்" என்றான் வெள்ளைப் பனியன் போட்ட ஒரு தாடிக்காரன். "அதுவும் எதிர்க்கட்சி ஆள் செஞ்ச சாமான். நம்ம பெட்டியில மாட்டறதா?"

நாடாவுக்கு அந்தப் பக்கம் அத்தானுக்கும் அர்ச்சனை நடந்துகொண்டிருந்தது. "அண்ணே, நீங்க நம்ம ஆளா, அவங்க ஆளா?"

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை" என்றார் அத்தான். "லீவுல இருக்கேன்."

டீச்சர் மூக்குக்கண்ணாடியை இறக்கி விதிமுறைத் தாளை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். "தானா ஓட்டற கருவி கூடாதுன்னுதான் போட்டிருக்கு. இது தானா ஓட்டுமா?"

"ஓட்டாது டீச்சர்" என்றான் தம்பி. "ஓட்டினா நல்லாருக்கும்."

அவள் தன் கையை அந்தக் குழிவில் வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. தாடிக்காரனைக் கூப்பிட்டு வைக்கச் சொன்னாள். அவனுக்கும் பொருந்தவில்லை. "இது இவன் ஒருத்தன் கைக்குத்தான் சேரும். வேற எவனும் இதை வச்சு ஏமாத்த முடியாது. அனுமதி, எழுதிக்கோங்க." பிறகு தாடிக்காரனைத் திரும்பிப் பார்த்தாள். "உனக்கு ஆட்சேபம் இருந்தா மூணு விரலை மடக்கிக்கிட்டு ஒரு சுத்து ஓட்டிக் காட்டு. அப்புறம் பேசலாம்."

தாடிக்காரன் ரோஷத்தோடு உட்கார்ந்தான். முதல் வளைவிலேயே பள்ளத்தில் விழுந்தான். எழுந்து, தலையைச் சொறிந்துகொண்டு, தம்பிக்காக நாற்காலியைத் துடைத்து வைத்தான்.

ஒருவருக்கு மூன்று சுற்று. அதில் எது வேகமோ அது கணக்கு. முதல் சுற்றில் தம்பியின் கால் பிரேக் பொத்தானைத் தேடிப் பிடிப்பதற்குள் கார் வேலியை உடைத்தது. நாடாவுக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தான். அத்தான் திரும்பிப் பார்த்ததும் நிறுத்தினான். இரண்டாவது சுற்றில் பதினான்காம் இடம்.

மூன்றாவது சுற்றில் தொங்கு பாலம் வந்தது. தம்பி கையை எடுத்தான், அழுத்தினான், பறந்தான். முடிவுக்கோட்டைத் தாண்டியதும் பலகையில் பெயர்கள் மேலும் கீழும் ஓடி நின்றன.

எட்டாம் இடம். ஒன்பதாவது ஆளுக்கும் அவனுக்கும் கண் சிமிட்டும் நேரம்தான் வித்தியாசம். தாடிக்காரன்தான் முதலில் கத்தினான். அக்காவுக்குக் கண்ணைத் துடைக்கக் கை போதவில்லை.

டீச்சர் அடுத்த வார ஆட்டப் பட்டியலைச் சுவரில் ஒட்டினாள். வெள்ளையின் முதல் ஆள் கறுப்பின் எட்டாவது ஆளோடு. வெள்ளையின் எட்டாவது ஆள் கறுப்பின் முதல் ஆளோடு. போன வருஷம் ஜெயித்தவருக்குத் தகுதிச் சுற்று கிடையாது, முதலிடம் தானாக வந்துவிடும். போன வருஷம் ஜெயித்தவர் அத்தான்.

அக்கா பட்டியலை இரண்டு தடவை படித்தாள். திரும்பிப் பார்த்தால் அத்தான் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு டீச்சரிடம் போய்க்கொண்டிருந்தார். விலகல் கடிதம். முன்தினமே எழுதி வைத்திருந்தார்.

அவர் போய்ச் சேருவதற்குள் தம்பி நாடாவைத் தாண்டி நடுவில் வந்து நின்றான்.

"என்ன அது?"

எட்டு மாதத்துக்குப் பிறகு அவரிடம் அவன் பேசிய முதல் வார்த்தை.

"நான் ஆடல மாப்ள. எட்டு மாசமா என் பெட்டியைத் தொடவே இல்ல. மனசு வரல. அன்னிக்கு நான் சொன்னது..."

"சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு. மறந்துட்டேன்னு பொய் சொல்லமாட்டேன். ஆஸ்பத்திரியில கண்ணை மூடினாலே உங்க குரல்தான். உங்களால விரல் போகல, அது எனக்குத் தெரியும். ஆனா அந்த வார்த்தைக்கு நான் பதில் சொல்லணும். சொல்றதுக்கு ஆள் வேணும்ல? நீங்க விலகிட்டா நான் யார்கிட்ட சொல்றது?"

அத்தான் காகிதத்தைப் பார்த்தார்.

"இன்னொண்ணு" என்றான் தம்பி. "பாவம்னு விட்டுக்குடுத்து ஆடினீங்கன்னு தெரிஞ்சுது, அப்புறம் இந்த ஜென்மத்துல உங்க வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்."

அத்தான் காகிதத்தை நாலாகக் கிழித்தார். டீச்சர், "குப்பைத்தொட்டி அங்க இருக்கு" என்றாள்.

சாயங்காலம் வீடு திரும்பியதும் அத்தான் கறுப்புப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார். ஆனால் அதைப் போடவில்லை. அக்கா காபியைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நிஜமா ஆடுவீங்களா, சும்மா ஆடுவீங்களா?"

"அதை அப்புறம் பாக்கலாம். இப்ப வேற ஒரு சிக்கல்."

"என்ன?"

"அந்தக் கைப்பிடியில ஒரு குறை இருக்கு. இன்னிக்கு அவன் ஆடும்போதுதான் கண்டுபிடிச்சேன். வலப்பக்கம் வளைவு வந்தா அவன் உடம்பு சாயுது. சாய்ஞ்சதும் உள்ளங்கை லேசா எழும்புது, பட்டன் விட்டுப் பிடிக்குது. ஒவ்வொரு வலது வளைவுலயும் அரை நொடி போகுது. அது இல்லைன்னா அவன் இன்னிக்கு எட்டாவது இல்ல, மூணாவது."

அக்காவுக்குப் புரிந்தது. "அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாதுன்னுதான் நினைக்கிறேன். சொல்லாம இருந்தா அடுத்த வாரம் எனக்கு லாபம். அது திருட்டு. சொல்லிச் சரி பண்ணிக் குடுத்தா, 'பாவம்னு பாக்கறீங்களா'ன்னு கேப்பான். என்ன பண்றது, சொல்லு."

அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஃபோன் அடித்தது. திரையில் தம்பியின் பெயர். அத்தானுடைய ஃபோனில். எட்டு மாதமாக அதில் ஒலிக்காத பெயர். அவர் எடுத்துக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் தம்பி என்ன சொன்னானோ, இவர் "ம்" என்றார், "ம்" என்றார், "சரி மாப்ள" என்றார். வைத்துவிட்டார்.

"என்னவாம்?"

"நாளைக்கு ஆறு மணிக்கு வர்றானாம். ஸ்க்ரூடிரைவர் எடுத்து வைக்கச் சொன்னான். அந்த வலது வளைவு பத்திக் கொஞ்சம் பேசணுமாம்."

"அப்போ கண்டுபிடிச்சுட்டான்!"

"கண்டுபிடிச்சுட்டான். ஆனா குரல் சரியில்ல. வேணும்னே அப்படிச் செஞ்சேன்னு நினைக்கிறானோ என்னவோ. சரி பண்ண வர்றானா, சண்டைக்கு வர்றானா, தெரியல."

அக்கா எழுந்தாள். காலித் தம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"எதுக்கு வேணா வரட்டும்" என்றாள். "வர்றான்ல?"